பெர்ட்ராண்ட்: மூழ்கியதால் வரலாறான ஒரு சிறு நீராவிப் படகு

1865ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி பிற்பகலில், அமெரிக்காவின் மிசூரி ஆற்றில், ஒமாஹா நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், பெர்ட்ராண்ட் என்ற நீராவிப் படகு நீருக்குள் மறைந்து கிடந்த ஒரு மரத்தில் மோதியது. பத்து நிமிடத்துக்குள் படகின் அடித்தளம் ஆற்றுப் படுகையில் போய் அமர்ந்துவிட்டது. ஆழம் அதிகமில்லாத இடம் என்பதால் படகில் இருந்த அனைவரும் உயிரோடு கரையேறினர். படகு கட்டப்பட்டு ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. மிசூரியில் அது மேற்கொண்ட முதல் பயணமும் அதுதான். அந்த வாரத்தில் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது. எட்டு நாளில் தெற்குப் படைத் தளபதி லீ சரணடையப்போகிறார். அப்படிப்பட்ட நேரத்தில், உயிர்ச்சேதம் இல்லாத ஒரு சரக்குப் படகு விபத்து யாருடைய கவனத்தையும் நீண்ட நேரம் பிடித்து வைத்திருக்க வாய்ப்பில்லை.

ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்தால் பெர்ட்ராண்டைப் பற்றி இன்று யாரும் பேசப்போவதில்லை. அதே பருவத்தில் அதே ஆற்றில் ஏறிய மற்றப் படகுகள் சரக்கை இறக்கின, காசு பார்த்தன, சில ஆண்டுகளில் உடைந்தோ எரிந்தோ போயின. பழைய செய்தித்தாள்களிலும் கணக்குப் புத்தகங்களிலும் ஓரிரு வரிகளுக்கு மேல் அவை விட்டுச் சென்றது சொற்பம். பெர்ட்ராண்ட் மட்டும் தன் சரக்கோடு சேற்றுக்குள் போய்விட்டது. அந்தச் சேற்றுக்குள் எது மதிப்புள்ளது, எது மதிப்பற்றது என்று அடுத்த நூறாண்டில் மூன்று தரப்பினர் மூன்று விதமாக முடிவு செய்தார்கள். இந்தச் சின்னப் படகின் வரலாறு உண்மையில் அந்த முடிவுகளின் வரலாறுதான்.

முதலில் ஆற்றையும் படகையும் பார்க்க வேண்டும். மிசூரி, கரைகளைத் தின்று நகரும் ஆறு. வண்டல் நிறைந்த பழுப்பு நீர், ஆண்டுதோறும் இடம் மாறும் மணல்திட்டுகள், ஒரே வெள்ளத்தில் புதுத் தடம் பிடித்துக்கொள்ளும் போக்கு ஆகியவை அதன் இயல்பு. கரை சரியும்போது அதில் நின்ற பெரிய மரங்களும் சேர்ந்து விழுந்தன. மண்ணைப் பற்றிய வேர்ப்பகுதி கனமாக இருப்பதால் அது படுகையில் ஊன்றிக்கொள்ளும். கிளைகள் ஒடிந்த அடிமரமோ நீரோட்டத்தின் திசையில் சாய்ந்து, ஈட்டி முனைபோல் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும். எதிர்நீச்சலில் வரும் படகுக்கு அந்த முனை நேர் எதிரே இருக்கும். கலங்கிய நீரில் அதைக் கண்ணால் காண வழியில்லை. நீர்ப்பரப்பில் தெரியும் ஒரு சிறு சுழிப்பையோ நெளிவையோ வைத்து ஊகிக்க வேண்டியதுதான். அமெரிக்க ராணுவப் பொறியாளர் ஹைரம் சிட்டண்டன் 1897இல் மிசூரியில் அழிந்த நீராவிப் படகுகளைப் பட்டியலிட்டபோது, தீ, பனிக்கட்டி, கொதிகலன் வெடிப்பு ஆகிய எல்லாவற்றையும்விட இந்த மறைமரங்களே அதிகப் படகுகளைக் கொன்றிருந்தன.

இத்தகைய ஆற்றுக்காகக் கட்டப்பட்ட படகுக்குக் கடல் கப்பலோடு உறவு குறைவு. மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரில் 1864இல் கட்டப்பட்ட பெர்ட்ராண்ட் 161 அடி நீளமும் ஏறத்தாழ 33 அடி அகலமும் கொண்டது. கொள்ளளவு 251 டன். மிசிசிப்பியில் ஓடிய பெரும் பயணிப் படகுகளின் பக்கத்தில் நிறுத்தினால் இது சிறு படகுதான். அடிப்பகுதி தட்டையானது. சரக்கறையின் உயரம் ஐந்தடியை ஒட்டியதே என்பதால் ஆள் நிமிர்ந்து நடக்க முடியாது. கொதிகலனும் எஞ்சினும் அடித்தளத்துக்குள் இறங்காமல் மேல்தளத்திலேயே உட்கார்ந்திருக்கும். துடுப்புச் சக்கரம் பின்புறத்தில் ஒன்றே ஒன்று. பக்கத்துக்கு ஒன்றாக இரு சக்கரம் வைத்த படகைத் திருப்புவது எளிது என்றாலும், ஒடுங்கிய ஆற்றில் மிதக்கும் கட்டைகள் அந்தச் சக்கரங்களைப் பதம்பார்த்துவிடும். பின்சக்கரத்துக்குப் படகின் உடலே கவசம்.

இந்த மெலிந்த உடலுக்கு ஒரு சிக்கல் உண்டு. முன்பக்கம் கொதிகலனின் பாரம், பின்பக்கம் எஞ்சின்களும் சக்கரமும் சேர்ந்த பாரம், நடுவில் ஒப்பீட்டளவில் வெற்றிடம். நீர் நடுப்பகுதியை மேலே தள்ள, இரு முனைகளும் கீழே தொங்கப் பார்க்கும். கனமான மரம் போட்டுக் கட்டினால் வலுக் கூடும், ஆனால் படகு ஆழமாக அமிழ்ந்துவிடும். மிசூரியில் ஆழமாக அமிழும் படகால் பயனில்லை. ஆகவே கட்டுநர்கள் தளத்துக்கு மேலே மரத்தூண்களை நட்டு, அவற்றின் மீது முன்னிருந்து பின்னாக இரும்புக் கம்பிகளை ஓட்டி முறுக்கி இழுத்தார்கள். படகின் முதுகெலும்பை உடலுக்கு வெளியே வைத்தது போன்ற ஏற்பாடு இது. கம்பிகளின் இறுக்கத்தைப் பயணத்தின்போதே கூட்டலாம், குறைக்கலாம். மேற்குப் பகுதிப் படகுக் கட்டுநர்கள் பெரும்பாலும் வரைபடமில்லாமல் கைப்பழக்கத்தில் கட்டினார்கள் என்பதால், இத்தகைய நுணுக்கங்களை ஏட்டிலிருந்து அறிவது கடினம். பெர்ட்ராண்டின் அடிக்கூடு முழுமையாக அளந்து வரையப்பட்டது இதனால்தான் பெரிய வரவு. என்னைக் கேட்டால், பண்டங்களுக்குக் கிடைத்த புகழில் பாதியாவது அந்த மரக்கூட்டுக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

மணல்திட்டில் சிக்கினால் என்ன செய்வார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் மேல்மிசூரிப் பயணத்தில் அது தினசரி வேலை. படகின் முகப்பில் இரு பக்கமும் இரண்டு நீண்ட மரக்கால்கள் தொங்கும். அவற்றைச் சாய்வாக ஆற்றுப் படுகையில் ஊன்றி, கப்பிகளின் வழியே கயிற்றை இழுத்தால் படகின் மூக்கு மேலே எழும்பும். அதே நேரத்தில் பின்சக்கரத்தைச் சுழற்றினால், படகு ஊன்றுகோல் பிடித்தவர்போல் சில அடி முன்னே எட்டி வைக்கும். பிறகு கால்களைப் பிடுங்கி மறுபடி ஊன்ற வேண்டும். ஒரு திட்டைக் கடக்க இப்படி மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில் போராடினார்கள். எரிபொருளுக்கு விறகு, வழியில் கரையோரம் விறகு வெட்டி அடுக்கி விற்பவர்களிடம் வாங்குவார்கள், கிடைக்காத இடத்தில் தாங்களே இறங்கி வெட்டுவார்கள். கொதிகலனுக்குள் போவதும் அதே சேற்று நீர்தான். அடியில் தங்கும் சேற்றை அடிக்கடி வழித்து எடுக்காவிட்டால் தகடு காய்ந்து வெடிக்கும்.

இவ்வளவு தொல்லையைத் தாங்கிக்கொண்டு ஏன் போனார்கள்? தங்கம். இன்றைய மான்டானா மாநிலப் பகுதியில் 1862இல் பேனக்கிலும், 1863இல் ஆல்டர் ஓடையிலும், 1864இல் பின்னர் ஹெலினா நகராக வளர்ந்த இடத்திலும் தங்கம் கிடைத்தது. மலைநடுவே ஓரிரு ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் குவிந்தார்கள்; அவர்களுக்கு வேண்டிய உப்பு முதல் மண்வெட்டி வரை வெளியிலிருந்து வர வேண்டியிருந்தது. ரயில் பாதை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத காலம். மாட்டுவண்டியில் சமவெளியைக் கடந்து வரலாம். அல்லது செயின்ட் லூயிஸ் நகரில் படகேற்றி, மிசூரியில் 3,500 கிலோமீட்டருக்கும் மேல் எதிர்நீரில் ஏறி, ஃபோர்ட் பென்டன் துறையில் இறக்கலாம். அந்தத் துறையை 1860இல்தான் முதன்முதலாக நீராவிப் படகு எட்டியிருந்தது. வசந்த காலத்திலும், மலைப்பனி உருகும் ஜூனிலும் மட்டுமே மேலாற்றில் போதிய நீர் இருக்கும் என்பதால் மார்ச்சிலேயே கிளம்ப வேண்டும். ஏறிப் போகவே இரண்டு மாதம் ஆகலாம். முதலில் போய்ச் சேரும் படகின் சரக்கு நல்ல விலை போகும். தப்பித்துத் திரும்பினால் ஒரே பயணத்தின் கட்டணத்தில் படகின் விலையை எடுத்துவிட முடியும் என்ற கணக்கு இருந்தபோது, படகின் ஆயுள் சில ஆண்டுகள்தான் என்பது யாரையும் தடுக்கவில்லை.

அங்கே தேவை எந்த அளவுக்கு இருந்தது என்பதற்கு ஒரு சான்று உண்டு. பெர்ட்ராண்ட் மூழ்கிய அதே ஏப்ரலில், மான்டானாவின் வர்ஜீனியா சிட்டியில் கோதுமை மாவுக்காகக் கலகம் நடந்தது. யூட்டா பக்கத்திலிருந்து வரும் வண்டிப்பாதைகளைப் பனி மூட, மாவு விலை பல மடங்கு ஏறியது; பசித்த கூட்டம் ஆயுதங்களுடன் கடைகளிலும் வீடுகளிலும் புகுந்து பதுக்கிய மூட்டைகளைத் தேடி எடுத்து ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கிட்டது. பெர்ட்ராண்ட் மூழ்காமல் இருந்தாலும் அந்த நெருக்கடிக்கு உதவியிருக்காது. அதன் சரக்கு கோடைக்கு முன் அங்கே சேர்ந்திருக்க முடியாது. ஆனால் அதன் பெட்டிகளில் பல அந்த வர்ஜீனியா சிட்டியின் வணிகர்களுக்கு உரியவைதான். டியர் லாட்ஜ், ஹெல் கேட், ஃபோர்ட் பென்டன் ஆகிய இடங்களின் கடைக்காரர்களின் பெயர்களும் பெட்டிகளில் அச்சிடப்பட்டிருந்தன.

படகு மூழ்கியதும் முதல் மதிப்பீட்டைச் செய்தவை காப்பீட்டு நிறுவனங்கள். சரக்கில் அவர்களுக்கு முக்கியமாகப் பட்டது பாதரசம். அரைத்த தங்கப்பாறையிலும் மணலிலும் உள்ள நுண்துகள்களைப் பாதரசம் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். அந்தக் கலவையைச் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகிப் பிரிய, தங்கம் நிற்கும். அதனால் சுரங்கப் பகுதியில் அதற்கு நல்ல விலை. இரும்புக் குடுவைகளில் அடைக்கப்பட்டு வரும் அந்த உலோகம் நீருக்குள் கெடவும் கெடாது. நீர்மூழ்குநர்களை இறக்கி அதில் பெரும்பகுதியை எடுத்துச் சென்றார்கள். எஞ்சின் முதலான இயந்திரங்களும் கழற்றப்பட்டன. படகைவிட எஞ்சின் நீண்ட நாள் உழைக்கும் என்பதால், மூழ்கிய படகின் எஞ்சினை எடுத்து வேறு படகில் பொருத்துவது அந்த ஆற்றில் வழக்கமாக இருந்தது. நனைந்த துணியும் சேறு புகுந்த சாடிகளும் எடுக்கும் கூலிக்குக்கூடப் பெறாது என்று விட்டுவிட்டார்கள். வணிகக் கண்ணோடு பார்த்தால் அவர்கள் செய்தது சரிதான்.

ஆறு பிறகு தன் வழக்கப்படி நகர்ந்து போயிற்று. படகு கிடந்த தடம் வண்டலால் மூடி மேடானது. டி சோட்டோ வளைவு என்று பெயர்பெற்ற அந்தப் பகுதியில் பொறியாளர்கள் 1960 வாக்கில் ஆற்றுக்கு நேர்வாய்க்கால் வெட்டினார்கள். பழைய வளைவு குருட்டாறாக, ஏரியாகத் தங்கியது. அதைச் சுற்றிய நிலம் பறவைகளுக்கான தேசிய வனவிலங்குச் சரணாலயமாகியிருந்தது. படகு இப்போது சுமார் 28 அடி மண்ணுக்கு அடியில், மத்திய அரசு நிலத்தில் இருந்தது. இந்த நில உடைமைதான் பின்னால் எல்லாவற்றையும் தீர்மானித்தது.

நூறாண்டில் படகைச் சுற்றிக் கதை வளர்ந்திருந்தது. 500 குடுவைப் பாதரசம், பீப்பாய் பீப்பாயாக விஸ்கி, தங்கம். புதையல் போன படகு என்றால் தேடாமல் இருப்பார்களா? ஒமாஹாவைச் சேர்ந்த ஜெஸ்ஸி பர்செல், சாம் கார்பினோ ஆகிய இருவர், பழைய வரைபடங்களையும் காந்தமானியையும் வைத்துக்கொண்டு தேடினார்கள். புதைந்திருக்கும் இரும்பு, புவிக்காந்தப் புலத்தில் ஏற்படுத்தும் சிறு மாறுபாட்டை அந்தக் கருவி காட்டும். 1968இல் அவர்கள் இடத்தைக் கண்டுபிடித்தனர். அரசு நிலம் என்பதால், 1906ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி, மனிதர் செய்த பொருள்கள் அனைத்தும் அரசிடம் பொதுக்காட்சிக்காக ஒப்படைக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் தோண்ட அனுமதி கிடைத்தது. தேசியப் பூங்காத் துறையின் தொல்லியலாளர் ஜெரோம் பெட்சி உள்ளிட்டோர் அகழ்வுக்குத் துணை நின்றனர். மண்வெட்டி படும் ஆழத்திலேயே நீர் ஊறும் இடம் என்பதால், சுற்றிலும் குழாய்களை இறக்கி இரவு பகலாக நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே தோண்ட வேண்டியிருந்தது. கிடைத்த பெட்டி ஒன்றின் மீது மை அச்சாகப் படகின் பெயர் இருந்தது. அடையாளத்தைப் பற்றிய ஐயம் அத்துடன் தீர்ந்தது.

புதையல்? பாதரசக் குடுவைகள் ஒன்பது. தங்கம் இல்லை. காப்பீட்டு நிறுவனத்தார் தம் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தார்கள். செலவு செய்து தேடியவர்களுக்கு இது பெரும் அடி என்பதில் ஐயமில்லை. அவர்களை வெறும் பேராசைக்காரர்கள் என்று ஒதுக்கிவிடும் தொனி சில எழுத்துகளில் தென்படுகிறது. அது நியாயமாகப் படவில்லை. அவர்கள் தேடியிராவிட்டால் படகு இன்னும் அங்கேயே கிடந்திருக்கும்.

மாறாகக் கிடைத்தவை இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள். காற்றுப் புகாத ஈர வண்டல் அவற்றைக் காத்து வைத்திருந்தது. ஆனால் மண் எல்லாவற்றையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. கம்பளியும் பட்டும் தோலும் தாக்குப்பிடித்தன. பருத்தியும் நாரும் மக்கிவிட்டன. இதன் விளைவு வேடிக்கையானது. கம்பளிச் சட்டையைப் பருத்தி நூலால் தைத்திருந்தார்கள் என்றால், நூல் மறைந்து, சட்டை தையற்காரர் வெட்டி அடுக்கிய துண்டுகளின் நிலைக்குத் திரும்பியிருந்தது. அந்தத் துண்டுகளின் ஓரத்தில் ஊசித்துளைகளின் வரிசை மட்டும் எஞ்சும். ஆடையைப் பாதுகாக்கும் வேலையில் இருப்பவர், அந்தத் துளைகளைப் பார்த்து எந்தத் துண்டு எதோடு சேரும் என்று கண்டுபிடித்து மறுபடி தைக்க வேண்டும்.

உணவுப் பொருள்களைப் பார்த்தால், சுரங்கத் தொழிலாளி காய்ந்த இறைச்சியையும் மொச்சையையும் தின்று வாழ்ந்தவன் என்ற வழக்கமான சித்திரம் ஆட்டம் காண்கிறது. உப்பிட்ட இறைச்சி இருந்தது உண்மை. அதனுடன் பிராந்தியில் ஊறவைத்த செர்ரி, டப்பாவில் அடைத்த பீச் பழம், சிப்பி இறைச்சி, பிரான்சிலிருந்து வந்த கடுகு விழுதும் ஆலிவ் எண்ணெயும், தேன், புட்டியில் அடைத்த புளி ஆகியவையும் இருந்தன. புளி என்றதும் தமிழ் வாசகர் ஒரு கணம் நிற்பார். ஆனால் அக்கால அமெரிக்கர்கள் வாங்கிய புளி பெரும்பாலும் கரீபியத் தீவுகளிலிருந்து சர்க்கரைப் பாகில் ஊறி வந்தது, குழம்புக்கு அல்ல, காய்ச்சல்காரருக்குக் குளிர்பானம் கரைப்பதற்கு. புதிய காய்கனி கிடைக்காத மலையூரில் இவை ஆடம்பரம் மட்டுமல்ல. ஸ்கர்வி என்னும் வைட்டமின் சி குறைபாட்டு நோய் சுரங்க முகாம்களின் நிரந்தர அச்சம்.

மருந்து என்ற பெயரில் வந்தவையும் கவனிக்கத்தக்கவை. ஹோஸ்டெட்டர், டிரேக் முதலிய பெயர்களில் கசப்பு மருந்துப் புட்டிகள் பெட்டி பெட்டியாக இருந்தன. டிரேக்கின் புட்டி மரவீட்டின் வடிவில் வார்க்கப்பட்டது. நான்கு பக்கமும் அடுக்கிய மரக்கட்டைகள் போன்ற வரிகள், மேலே கூரைச்சரிவு. செரிமானத்துக்கும் காய்ச்சலுக்கும் நல்லது என்று விற்கப்பட்ட இவற்றின் வீரியம் பெரும்பாலும் சாராயத்தால் வந்தது. கடையில் மது வாங்கக் கூச்சப்படுபவர் மருந்து வாங்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

இன்னொரு வகைச் சரக்கும் உண்டு: சிறு பீரங்கிகளுக்கான குண்டுகள். கொதிகலனும் விறகுத் தீயும் உள்ள படகில் வெடிமருந்தும் பயணம் செய்தது அக்காலத்துக்குப் புதிதல்ல. அந்த ஆற்றுவழி லகோட்டா, பிளாக்ஃபீட் முதலிய பழங்குடி மக்களின் நிலத்தினூடாகச் சென்றது. 1863, 1864ஆம் ஆண்டுகளில் அமெரிக்க ராணுவம் மேல்மிசூரியில், லகோட்டாக்களும் அடங்கிய சூ மக்களுக்கு எதிராகப் படையெடுத்திருந்தது. செர்ரிப் பழப் புட்டியும் பீரங்கிக் குண்டும் ஒரே சரக்கறையில் இருந்ததை, காட்சிக்கூடத்தின் அழகிய அடுக்குகளைப் பார்க்கும்போது எளிதில் மறந்துவிடலாம். தங்கம் தேடி வந்தவர்களின் வசதிகள், வேறொரு மக்களின் இடத்தில் துப்பாக்கிக் காவலோடுதான் இறக்கப்பட்டன.

1974இல் வேதியியலாளர்கள் படகிலிருந்து எடுத்த டப்பா, புட்டி உணவுகளில் சிலவற்றைத் திறந்து ஆராய்ந்தார்கள். நிறமும் மணமும் கெட்டிருந்தன. வைட்டமின் ஏ, சி பெருமளவு குறைந்திருந்தன. ஆனால் நுண்ணுயிர் வளர்ச்சி எதுவும் காணப்படவில்லை. அடைத்த நாளில் எவ்வளவு பாதுகாப்பாக இருந்தனவோ அதே அளவுக்கு, நூற்றொன்பது ஆண்டுக்குப் பிறகும் உண்ணத்தக்கவை என்பது அவர்கள் முடிவு. யாரும் சாப்பிட்டதாகத் தெரியவில்லை என்பது வேறு விஷயம். உணவைக் கெடுப்பவை நுண்ணுயிர்களே என்று காட்டிய லூயி பாஸ்டரின் கண்டுபிடிப்புகள் தொழிற்சாலைக்குள் நுழையுமுன்பே, ஏன் கெடாமல் இருக்கிறது என்ற காரணம் தெரியாமலேயே, சூடாக்கி மூடும் முறையை அந்தக் காலத் தொழிலாளர்கள் எவ்வளவு சரியாகக் கைக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

பெர்ட்ராண்டோடு சேர்த்துப் பேச வேண்டிய இன்னொரு படகு அரேபியா. 1856இல் கேன்சஸ் சிட்டிக்கு அருகே இதே ஆற்றில் இதேபோல மரத்தில் மோதி மூழ்கியது. அதுவும் நிலத்துக்கு அடியில் போய், ஒரு சோளக்கொல்லையின் கீழ் 45 அடி ஆழத்தில் கிடந்தது. 1988 முதல் ஒரு குடும்பமும் அவர்களின் நண்பர்களும் சேர்ந்து தோண்டினார்கள். தனியார் நிலம், ஆகவே எடுத்தவை எடுத்தவர்களுக்கே. விற்றுக் காசாக்கியிருந்தால் சட்டம் தடுத்திருக்காது. அவர்கள் விற்காமல் அருங்காட்சியகம் அமைத்தார்கள். பெர்ட்ராண்டின் பண்டங்களைச் சட்டம் ஒன்றாக வைத்தது. அரேபியாவின் பண்டங்களை ஒரு குடும்பத்தின் மனம் வைத்தது. இந்த வேறுபாடு சிறியதல்ல, ஏனெனில் குடும்பத்தின் மனம் எல்லா இடத்திலும் அப்படி அமையும் என்று எதிர்பார்த்துக் கொள்கை வகுக்க முடியாது.

பெர்ட்ராண்டின் அடிக்கூடு வெளியே எடுக்கப்படவில்லை. அவ்வளவு பெரிய ஈரமரத்தை உலரவிட்டால் சுருங்கி வெடிக்கும்; பதப்படுத்தச் செலவும் ஆண்டுகளும் ஆகும். அளந்து, வரைந்து, படமெடுத்த பின் அந்தக் குழியிலேயே நீருக்கடியில் விட்டுவிட்டார்கள். தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் 1969இலேயே அந்த இடம் சேர்க்கப்பட்டது. பண்டங்கள் சரணாலயத்துக்குள் 1981இல் திறந்த மையத்தில் உள்ளன. 2011இல் மிசூரி பெருவெள்ளமாகப் பெருகியபோது, மொத்தச் சேகரிப்பையும் பெட்டிகளில் அடுக்கி வேறிடத்துக்கு அகற்ற வேண்டி வந்தது.

ஆய்வாளர்களுக்கு இன்னமும் வேலை இருக்கிறது. படகிலிருந்து கிடைத்தவை பெரும்பாலும் விற்கக் கொண்டுபோன சரக்கு. யாரும் பயன்படுத்தி, உடைத்து, தைத்து, எறிந்தவை அல்ல. கடைக்காரர் எதை விற்க முடியும் என்று நினைத்தார் என்பதை அவை சொல்கின்றன, சுரங்கத்தொழிலாளி எதை வாங்கினார் என்பதைச் சொல்வதில்லை. பிரெஞ்சுக் கடுகு விழுதைத் தொழிலாளி வாங்கினாரா, சுரங்க முதலாளி மட்டும் வாங்கினாரா என்பதை அறிய, மான்டானாவின் பழைய சுரங்க ஊர்களின் குப்பைக்குழிகளில் கிடைக்கும் உடைந்த புட்டிகளோடு இந்த முழுப் புட்டிகளை ஒப்பிட வேண்டும். உடைந்த துண்டு எந்தப் புட்டியுடையது, அதில் என்ன இருந்தது, எந்த ஆண்டுக்கு உரியது என்று தீர்மானிக்க, நாள் குறித்த முழுப் புட்டி ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும். அமெரிக்க மேற்கின் தொல்லியலாளர்கள் பெர்ட்ராண்டின் அலமாரிகளை இப்போது அதிகம் நாடுவது அந்த வேலைக்காகத்தான்.